மசாலாக் கடைக்குப் பூட்டு வாங்கிய கதை

வெப்சைட்டுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது என்பது, ஒரு கடை யாருடையது என்று அந்தக் கடைப் பக்கமே வராத ஓர் ஆளுக்கு நிரூபிக்கிற தொழில். தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் நான் அந்த வேலைதான் பார்த்தேன். மெஷின்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே கிடையாது. மனிதர்கள் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

மற்றவர்களுக்காக நாலு வரி. அந்தக் காலத்தில் இணையத்தில் கார்டு நம்பரைக் கொடுத்துச் சாமான் வாங்கும்போது திரையின் கீழ் மூலையில் குட்டியாக ஒரு பூட்டு தெரியும். அந்தப் பூட்டு தெரிய வேண்டுமானால் ஒரு சான்றிதழ் வேண்டும். இது நிஜமான கடைதானா, இந்த வெப்சைட் முகவரி அந்தக் கடைக்காரருடையதுதானா என்று வெளிநாட்டில் ஓர் அலுவலகம் துருவிப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தரும். அப்படித் துருவியபோது நான் பட்ட பாட்டில் ஒரே ஒரு கடைக்குப் பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றதையும் சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும்.

பூட்டுப் படம்

கிள்ளானில் பாக்கியம் அக்கா மசாலாத் தூள் கடை வைத்திருந்தார். மிளகாய், மல்லி, மீன்கறித் தூள், எல்லாம் கடைக்குப் பின்னால் இருந்த மெஷினில் அவரே நின்று அரைப்பது. லண்டனிலும் மெல்பர்னிலும் நர்ஸ் வேலை பார்க்கும் நம் பெண்கள் லீவுக்கு வந்தால் பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு போவார்கள். "இன்டர்நெட்ல கடை போடுங்கக்கா, அங்கிருந்தே வாங்கிக்கிறோம்" என்று அவரைக் கிளப்பிவிட்டதும் அவர்கள்தான். தீபாவளிக்கு அனுப்புவதாக அக்காவும் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். பூட்டு இல்லாமல் கார்டு வாங்கவே கூடாது என்று பேங்க் சொல்லிவிட்டது.

இந்த விஷயமாக எங்கள் ஆபீஸுக்கு வந்தவர் அக்கா இல்லை, அவருடைய தம்பி குணா. வீடியோ கேசட் கடை வைத்து மூடி, டெலிபோன் கார்டு ஏஜென்சி எடுத்து அதையும் மூடி, கடைசியில் அக்கா கடைக் கல்லாவில் வந்து உட்கார்ந்தவர். கம்ப்யூட்டர் தெரியும் என்று அவரே சொல்லிக்கொண்டதால் வெப்சைட் வேலை முழுக்க அவர் பொறுப்பு. மாடி ஏறி வந்தவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "டெக்னிகல் ஆளு யாரும் இல்லையா?" என்றார். நான்தான் என்றேன். கதவுக்குப் பின்னால் இன்னொரு ஆள் ஒளிந்திருப்பது போல மறுபடியும் பார்த்தார். எனக்கு அங்கேயே சுர்ரென்று ஏறியது. இருந்தாலும் அடக்கிக்கொண்டு, சான்றிதழ் என்றால் என்ன, எதற்கு, யார் தருவார்கள், என்னென்ன கேட்பார்கள் என்று தொண்டை வறளச் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"பூட்டுப் படந்தானே தங்கச்சி? நீயே ஒன்னு வரைஞ்சு ஒட்டிடேன் லா!"

கூடுதலாக ஒரு ஏ

விண்ணப்பத்தில் கடையின் பெயரை வியாபாரப் பதிவில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து போட வேண்டும். இதை நான் குணாவிடம் சொல்லி, தாளில் எழுதியும் கொடுத்தேன். அவர் விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்து அனுப்பினார், அது போன வேகத்தில் திரும்பி வந்தது. பதிவில் இல்லாத கடை என்று காரணம் போட்டிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் அக்காவின் பெயரில் இல்லாத ஏ ஒன்று, எங்கிருந்தோ ஒரு ஒய், மசாலாவில் கூடுதலாக ஒரு எஸ். வெப்சைட் முகவரியையும் இதே எழுத்துகளில்தான் பதிந்திருந்தார். கடைப் பலகையில் வேறு மாதிரி, பதிவுப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி. ஒரே கடைக்கு மூன்று பெயர்.

கேட்டால் எண்கணிதமாம். எங்கள் தெருவிலேயே ஒரு மாடியில் உட்கார்ந்திருந்த எண்கணிதக்காரர், பழைய எழுத்துகளின் கூட்டுத்தொகை கடைக்கு ஆகாது என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். நம் ஆட்கள் பெயரில் எழுத்தைச் சேர்ப்பதும் எடுப்பதும் எனக்குப் புதிதில்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பெயரை வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நல்லது, பலகையில் போட்டுக்கொள்ளுங்கள், கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் விண்ணப்பத்தில் போட்டால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? ஆத்திரம் தாங்காமல் அந்த எண்கணிதக்காரருக்கே போன் போட்டு, இந்த மாதிரி ஆகிவிட்டது, விண்ணப்பத்தில் மட்டுமாவது பழைய எழுத்தைப் போடலாம் என்று குணாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"வெள்ளக்காரன அவன் ரூல்ஸ மாத்திக்கச் சொல்லுமா. நம்ம நம்பர மாத்த முடியாது."

யார் இந்த ஏ/பி?

குணாவை நம்பிப் பயனில்லை என்று நானே கிள்ளானுக்கு ரயில் ஏறிப் போய், அக்காவிடம் வியாபாரப் பதிவை வாங்கி, பழைய எழுத்திலேயே புது விண்ணப்பம் எழுதி ஃபேக்ஸில் அனுப்பினேன். பதிவு அக்காவின் பெயரில்தான் இருந்தது. பாக்கியம் ஏ/பி முனியாண்டி. எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு: மலேசியாவில் நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆண் என்றால் பெயருக்குப் பிறகு ஏ/எல், பெண் என்றால் ஏ/பி, அதற்கப்புறம் அப்பா பெயர். மலாய் மொழியில் இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று அர்த்தம். அடையாள அட்டையிலிருந்து கார் லைசன்ஸ் வரைக்கும் இப்படித்தான்.

இதை வைத்துக்கொண்டு அந்த வெளிநாட்டு அலுவலகம் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! முதலில் அவர்களுடைய கம்ப்யூட்டர் நடுவில் இருக்கும் சாய்கோட்டைப் பார்த்துவிட்டுப் பெயரை இரண்டாக வெட்டிவிட்டது. பாக்கியம் ஏ என்று ஒருவர், பி முனியாண்டி என்று இன்னொருவர். அடுத்து, அவர்கள் ஊர்க் கணக்கு வழக்கில் கட்ட வேண்டிய பாக்கிக்கு ஏ/பி என்று பெயராம், அதனால் ஏ/பி என்பது உங்கள் கணக்குப் பிரிவா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல். நான் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். இது மகள், அது அப்பா, நடுவில் கோடு, வேறு யாரும் இல்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதினேன். இத்தனைக்கும் பிறகு, மிகுந்த மரியாதையோடு அவர்கள் பதில் எழுதினார்கள்:

"விளக்கத்துக்கு நன்றி. திரு. ஏ.பி. அவர்களின் கையெழுத்தையும் சேர்த்து அனுப்பவும்."

ஒரே ஒரு கையெழுத்து

ஏ/பி பஞ்சாயத்து ஒரு வழியாக ஓய்ந்தது. அதற்கப்புறம்தான் நிஜமான வில்லங்கம் வெளியே வந்தது. கடை அக்கா பெயரில், ஆனால் இணைய முகவரிகளின் பொதுப் பதிவேட்டில் அந்த முகவரிக்குச் சொந்தக்காரர் என்று குணாவின் பெயர். முகவரியைப் பதிந்தபோது தன் பெயரையே போட்டுக்கொண்டிருக்கிறார். அதைத் திருத்தத் தேவையான பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம், அதை வரவழைக்கிற மின்னஞ்சலுக்கும் பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம். இப்படி இருந்தால் சான்றிதழ் தர முடியாது, இரண்டு வழிகள் இருக்கின்றன என்றது அலுவலகம். ஒன்று, கடையையும் முகவரியையும் ஒரே ஆள் பெயரில் கொண்டுவர வேண்டும். அல்லது, அந்த வெப்சைட் முகவரியிலேயே இருக்கும் ஒரு மின்னஞ்சல் பெட்டிக்கு அவர்கள் ஒரு கடிதம் அனுப்புவார்கள். கடைக்காரர் அதற்குப் பதில் போட்டு, அப்புறம் போனில் பேசி உறுதி சொல்ல வேண்டும்.

குணா முதல் வழியைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். கடையைத் தன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமாம். எங்கள் பாஸ் நாதனும் அதற்கு ஆமாம் போட்டார். "குடும்பத்துக்குள்ளதானே மேகலா, நமக்கும் வேலை சீக்கிரம் முடியும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரைக் கையில் எடுத்துவிட்டேன், நல்லவேளை எறியவில்லை. ஒரு பெண் மிளகாய் நெடியில் நின்று உண்டாக்கிய கடையை, ஒரு கீழ் மூலைப் பூட்டுக்காகத் தம்பிக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம்! அதுவும் பாஸ்வேர்டை மறந்த தம்பிக்கு!

எங்கள் ஆபீஸிலேயே பேச்சு நடந்தது. அக்கா சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாக்குக் கொடுத்தாயிற்று, தீபாவளி வருகிறது, சான்றிதழ் இல்லாமல் கடையைத் திறக்க முடியாது என்று குணா திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கடைசியில் அக்காவே ஒரு முடிவு சொன்னார். இரண்டாவது வழியில் போவோம், தீபாவளி வாரம் பிறப்பதற்குள் சான்றிதழ் வராவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். குணாவுக்கு வாயெல்லாம் பல். "ஒரே ஒரு கையெழுத்துதானே அக்கா, கடை எங்க ஓடிடப் போவுது?" என்று அவர் சிரிக்க, அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"என் பேர்ல இருக்கறதாலதான் அது கடையா இருக்கு. இவன் பேர்ல இருந்திருந்தா இந்நேரம் அதுவும் கேசட்டு கடைதான்."

பாஸ் எடுத்த புள்ளி

ஆக, எல்லாம் ஒரு கடிதம் வந்து சேர்வதில் நின்றது. வெப்சைட் முகவரிக்குக் கடிதம் வர வேண்டும் என்றால், அந்த முகவரிக்கான கடிதங்களை எந்த மெஷின் வாங்கிக்கொள்ளும் என்று உலகத்துக்குச் சொல்லும் ஒரு கோப்பு வேண்டும். அதைத்தான் எங்கள் ஆட்கள் டிஎன்எஸ் என்பார்கள். அக்கா கடைக்கான கோப்பு எங்கள் ஆபீஸ் மெஷினில்தான் இருந்தது. அதை எழுதுவதில் ஒரே ஒரு கறாரான விதி. முழுப் பெயரை எழுதினால் கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பெயர் இத்தோடு முடிந்தது என்று அர்த்தம். புள்ளி இல்லாவிட்டால் பெயர் இன்னும் முடியவில்லை என்று நினைத்து மெஷின் அதே பெயரைப் பின்னால் இன்னொரு தடவை ஒட்டிவிடும். குணா ஏ/எல் முனியாண்டி ஏ/எல் முனியாண்டி என்று அடையாள அட்டையில் அச்சடித்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. அப்படி ஒரு ஆள் உலகத்தில் கிடையாது, அதனால் அவருக்கு வரும் கடிதமும் போய்ச் சேராது.

நான் புள்ளியெல்லாம் வைத்து எழுதி, எனக்கு நானே கடிதம் போட்டு, வந்து சேர்ந்ததையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பலாம் என்று அலுவலகத்துக்குச் சொன்னேன். ஒரு நாள் ஆனது, வரவில்லை. மறுநாளும் இல்லை. அவர்களைக் கேட்டால், அனுப்பினோம், அப்படி ஒரு மெஷினே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோப்பைத் திறந்தால், நான் வைத்த புள்ளிகளில் ஒன்றுகூட இல்லை. மெஷின் எல்லாப் பெயரையும் இரட்டை இரட்டையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பாஸ் கண்ணில் பட்ட எதையும் திருத்தாமல் விட்டவர் இல்லை. வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம், சுவரில் ஒட்டும் அறிவிப்பு, சாப்பாட்டுக் கடை மெனு, எல்லாவற்றிலும் பேனா ஓடும். நான் அவர் அறைக்குள் போய் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. கீழே பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காமார் எல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பேருக்குப் பின்னால சும்மா புள்ளி கெடந்துச்சு, பார்க்க அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டேன். ஒரு புள்ளிக்கா இப்படி கத்துறே?"

சபார் லா

புள்ளிகளைத் திரும்ப வைத்துவிட்டேன். முடிந்ததா? முடியவில்லை. எங்களுடைய கோப்புக்கு ஒரு நகல், எங்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் மெஷினிலும் இருந்தது. உலகம் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும். எங்களிடம் கேட்டால் சரியான பதில் வரும், அங்கே கேட்டால் பாஸ் திருத்திய பதில் வரும். அந்த நகலைப் புதுப்பிக்க அவர்களிடம் ஒருவர் ஒரு கட்டளையைத் தட்டினால் போதும். அந்த ஒருவரைப் பிடிக்கத்தான் நான் நாயாக அலைந்தேன்.

உதவி மையத்தில் போனை எடுத்தவர் ஒரு மலாய்க்கார இளைஞர். அப்படி ஒரு மரியாதை, அப்படி ஒரு குழைவு. மோடத்தை அணைத்துப் போட்டீர்களா அக்கா என்றார். பிரச்சினை மோடத்தில் இல்லை என்றேன். சரி அக்கா, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டீர்களா என்றார். திட்டுகிறவனிடம் சண்டை போடலாம். இப்படி அக்கா அக்கா என்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? அந்தப் பக்கம் குணா தினமும் எங்கள் ஆபீஸுக்கு வந்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடையைப் பெயர் மாற்றும் தாளை விசிறியாக வைத்து விசிறிக்கொண்டிருந்தார். "என்னா தங்கச்சி, வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இந்தப் பக்கம் தீபாவளிக்கு ஊரெல்லாம் கடை போட ஆரம்பித்துவிட்டார்கள். தெருவில் முறுக்கு வாசம் வருகிறது, எனக்கு வயிறு எரிகிறது. கடைசியாக நான் போனில் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள், நாளையோ நாளை மறுநாளோ எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தத் தம்பி தேன் மாதிரிக் குரலில் மலாய் மொழியில் ஆறுதல் சொன்னார்:

"சபார் லா, காக். எசோக் லூசா ஓகே லா து."

ஒரு விரலால் ஒரு பதில்

கொடுமை என்னவென்றால் அவர் சொன்னபடியேதான் நடந்தது. யாரும் ஒன்றும் செய்யாமல் நகல் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. அலுவலகத்தைக் கடிதத்தை மறுபடியும் அனுப்பச் சொல்லிவிட்டு, நான் கிள்ளானுக்கு ஓடினேன். கடையில் இருந்தது ஒரே டெலிபோன் லைன். இணையத்துக்குப் போக வேண்டுமானாலும் அதே லைன்தான். குணா அதில் யாரோடோ புதுக் கார் மாடல்களைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். அவசரம் என்றேன். விரலைக் காட்டிக் காத்திருக்கச் சொன்னார். அக்கா உள்ளேயிருந்து வந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மோடம் கீச்சிட்டு இணைந்தது. கடிதம் வந்திருந்தது! இந்த முகவரிக்குச் சான்றிதழ் கேட்டது நீங்கள்தான் என்றால், கீழே உள்ள எண்ணைச் சேர்த்து, சம்மதம் என்று பதில் எழுதவும் என்று இருந்தது. நான் அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆள்காட்டி விரல் ஒன்றால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினார். கீபோர்டு முழுக்க மல்லித்தூள். குத்தி முடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"சம்மதம்னு மட்டும் எழுதுனா போதுமா, இல்ல இத்தன நாளு இழுத்தடிச்சதுக்கு ரெண்டு வரி சேர்த்துத் திட்டட்டுமா?"

மிஸ்டர் முனியாண்டி

மிச்சம் இருந்தது போன் மட்டும்தான். அவர்கள் கூப்பிட்டு, கடைக்காரரோடு பேசி உறுதி செய்துகொள்வார்கள். மறுநாள் பகல் என்று சொல்லியிருந்தார்கள். கடையைப் பெயர் மாற்றும் தாளும் அன்றைக்குக் கல்லாவிலேயே பேனாவோடு தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை, அதற்கப்புறம் அலுவலகம் திங்கள்தான் திறக்கும், திங்கள் வந்தால் தீபாவளி வாரம். நானும் லீவு போட்டுவிட்டுக் கிள்ளானில் போய் உட்கார்ந்தேன். கடையில் கூட்டம். அக்கா பின்னால் மெஷினில் மிளகாய் போட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தபோது நான் எழுந்தேன், ஆனால் கல்லாவில் இருந்த குணாவின் கை முந்திக்கொண்டது.

அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது, அவ்வளவு சத்தமாகப் பேசினான் அந்த வெள்ளைக்காரன். மிஸ்டர் முனியாண்டியோடு பேச வேண்டும் என்றான். பத்திரத்தில் கடைசியாக இருக்கும் பெயர்தானே அவர்களுக்குப் பெயர்! குணா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கணீரென்று, "எஸ், ஸ்பீக்கிங்" என்றார். எனக்கு மேலெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. "குணா, போனைக் கொடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் ஒயரை இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். சான்றிதழை என் பெயரில் எழுதுங்கள், இந்தக் கடையை நான்தான் நடத்துகிறேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டார்.

என் சத்தம் கேட்டு மெஷின் நின்றது. அக்கா வெளியே வந்தார். கை இரண்டும் முழங்கை வரைக்கும் மிளகாய்ச் சிவப்பு. யாரு என்று கேட்டார். மிஸ்டர் முனியாண்டியைக் கேட்கிறான், குணா நான்தான் என்று சொல்கிறார் என்றேன். அக்காவின் முகத்தில் ஒரு கோபம் வந்தது பாருங்கள், நான் அத்தனை வாரமாகப் பட்ட கோபம் எல்லாம் ஒரு கோபமே இல்லை. நேராக நடந்து போய், அந்த மிளகாய்க் கையாலேயே குணாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிப் போனைப் பறித்தார். நெடி ஏறி, மிளகாய் ஒட்டிய கையாலேயே குணா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஐயோ என்று பின்வாங்கினார், கசக்கியது அவர் செய்த இன்னொரு தப்பு. மெஷின் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை அக்காவுக்கு. கிள்ளான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்:

"முனியாண்டி மை ஃபாதர். ஹி டை ஆல்ரெடி. பாக்கியம் இஸ் மீ. ஷாப் இஸ் மீ!"

மூலையில் ஒரு பூட்டு

அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் குரலைத் தணித்துக்கொண்டான். பிறகு அவன் மெதுவாக, கடையின் முகவரி என்ன, என்ன வியாபாரம், எந்த வருஷம் பதிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அக்கா ஒவ்வொன்றுக்கும் சாமி வந்த மாதிரிப் பதில் சொன்னார். முதலில் பேசியது யார் என்று கேட்டான். "மை பிரதர். ஹி ஒன்லி சிட்" என்றார். சான்றிதழ் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. நான் அதை ஏற்றி, கடைக் கம்ப்யூட்டரில் வெப்சைட்டைத் திறந்து காட்டினேன். கீழ் மூலையில் பூட்டு. அதை அழுத்தினால் பாக்கியம் முனியாண்டி என்று, சாய்கோடு கீய்கோடு எதுவும் இல்லாமல், பெயர். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கல்லாவிலிருந்த தாளை எடுத்துக் கிழித்து, ஒரு பாதியில் கையைத் துடைத்தார்.

இன்னொன்றையும் நான் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. இந்தச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். அடுத்த தீபாவளிக்குள் எல்லாவற்றையும் மறுபடியும் நிரூபிக்க வேண்டும், கடிதம், போன் எல்லாம். குணா முகத்தை நனைத்த துண்டோடு வாசலில் நின்றிருந்தார், ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. "ஒரு வருஷந்தானே? அப்ப பார்த்துக்குவோம் லா" என்றார். அவருக்கு வெட்கம் இல்லை, எனக்குத்தான் உடம்பு கொதித்தது. அக்கா கொதிக்கவில்லை. டெலிபோனைக் கல்லா மேஜையிலிருந்து தூக்கிக்கொண்டு போய், ஒயரை நீட்டி இழுத்து, அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், தன் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டின்னைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார்.

"அடுத்த வருஷமும் போன நாந்தான் எடுப்பேன்."

எங்கோ கண்காணாத இடத்தில் இருக்கும் திருடனிடமிருந்து ஒரு கடையைக் காப்பாற்ற எங்கள் தொழிலில் பூட்டு இருக்கிறது, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்குத்தான் இன்னும் யாரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.